தொற்றுக் காலத்துக்கான வீட்டுக் கையிருப்பு: பொருள் பொருளாக ஒரு மதிப்பீடு

நோய் பரவுகிறது என்ற செய்தி வந்ததும் மளிகைக் கடைக்கு ஓடி மூட்டை மூட்டையாக வாங்குவது சுயநலமா? பொத்தாம்பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. அரிசிக்கு ஒரு பதில், முகக்கவசத்துக்கு ஒரு பதில், மாத்திரைக்கு வேறு பதில். அதனால் தமிழ்நாட்டில் ஓர் ஊரில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பத்தைக் கணக்கில் வைத்து, 14 நாள் வாசலைத் தாண்டாமல் இருக்க என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும், எது கெட்டுப்போகும், எதை நாம் கூடுதலாக எடுத்தால் யாருக்கு இல்லாமல் போகும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். 14 நாள் என்பது 2020-இல் கொரோனா வந்தபோது வீட்டுத் தனிமைக்குச் சொல்லப்பட்ட காலம். பிறகு வந்த விதிகளில் அது 7 நாளாகக் குறைந்தது. ஆனால் ஒருவருக்குச் சரியாகும்போது அடுத்தவர் படுப்பதுதான் வீடுகளில் வழக்கம் என்பதால் 14-ஐயே வைத்துக்கொள்வது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோய் நொடி இல்லாத மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த இரண்டு வாரக் கையிருப்பு ஊருக்கே நல்லது. காய்ச்சல் கண்ட வீட்டிலிருந்து பருப்புக்கும் எண்ணெய்க்கும் ஆள் கடைக்கு வரவேண்டிய தேவை இருக்காது. அதே சரக்கைப் பீதி கிளம்பிய வாரத்தில் ஒரே மாலையில் அள்ளினால் அடுத்தவர் பங்கை எடுக்கிறோம். பொருளும் அளவும் ஒன்றாகவே இருந்தாலும், வாங்கிய நாள் எது என்பதுதான் நியாயத்தைத் தீர்மானிக்கிறது.

கடை எப்படிக் காலியாகிறது

ஒரு சின்னக் கணக்கு. 300 குடும்பங்கள் நம்பியிருக்கும் ஒரு பலசரக்குக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டுக்கு மாதம் 40 கிலோ அரிசி போகிறது. கடையில் ஒரு வாரச் சரக்கு, அதாவது சுமார் 2,800 கிலோ இருக்கிறது. செய்தி வந்த மாலையில் மூன்றில் ஒரு வீடு மட்டும் வந்து, வீட்டுக்கு ஒரே ஒரு 26 கிலோ சிப்பம் எடுத்தால் 2,600 கிலோ போய்விடும். யாரும் பேராசைப்படவில்லை, ஆளுக்கு ஒரு மூட்டைதான் எடுத்தார்கள். மீதி 200 வீடுகளுக்கு அடுத்த லோடு வரும்வரை மிஞ்சுவது வீட்டுக்கு ஒரு கிலோதான். அந்த 200-இல் பெரும்பாலானவர்கள் அன்றன்று கூலி வாங்கி, அன்றன்று ஒரு கிலோ அரிசியும் ஐம்பது கிராம் எண்ணெயும் வாங்குபவர்கள். முன்கூட்டி வாங்கக் கையில் காசு இல்லாதவர்கள். வணிகர் கிடங்கில் மறைத்து வைப்பதற்குத்தான் சட்டத்தில் பதுக்கல் என்று பெயர். வீடுகள் ஒரே நேரத்தில் வாங்குவதற்கு அந்தப் பெயர் இல்லை என்றாலும் ஏழை வீட்டு அடுப்பில் இரண்டுக்கும் விளைவு ஒன்றுதான்.

தொற்றுநோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. அரிசி வாங்க முண்டியடிக்கும் கூட்டமே நோயைப் பரப்பும். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்த பிறகு கடைத்தெருக்களில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். அதைவிடத் தெளிவான பாடம் ஏப்ரல் 25. மறுநாள் முதல் சென்னை, கோவை, மதுரையில் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்திருந்தார்கள். அந்த ஒரு பகலில் கடைகளிலும் கோயம்பேடு சந்தையிலும் கூட்டம் நெருக்கியடித்தது. அடுத்த சில நாட்களில் கோயம்பேடு பெரிய தொற்று மையமாகத் தெரியவந்து, மே 5-ஆம் தேதி மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது. சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களிலும் எண்ணிக்கை எகிறியது. நான்கு நாளுக்கான காய்கறி இல்லாவிட்டால் ரசமும் துவையலும் வைத்துச் சமாளித்திருக்கலாம். வீட்டில் இரண்டு வாரப் பருப்பும் புளியும் இருந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அரிசி, பருப்பு

நான்கு பேருக்கு 14 நாளுக்குச் சாப்பாட்டு அரிசி 10 கிலோ, இட்லி அரிசி 4 கிலோ, அதற்கு உளுந்து 1 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, பாசிப் பருப்பு அரைக் கிலோ, புளி அரைக் கிலோ. சாப்பாட்டு அரிசி ஒரு நாளைக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். காய்ச்சல்காரர் இருக்கும் வீட்டில் கஞ்சிதான் அதிகம் போகும் என்பதால் இதுவே தாராளம். இதற்கு மேல் ஒரு சிப்பம் கூடுதலாக வாங்குவதில் லாபம் எதுவும் இல்லை. பெரும்பாலும் அது வண்டுக்குத்தான் போகும்.

எந்த அரிசி வாங்குகிறோம் என்பது முக்கியம். புழுங்கல் அரிசி வேகவைத்துக் காய்ந்தது, மணி கெட்டியாக இருக்கும், பச்சரிசியைவிடத் தாங்கும். கைக்குத்தல் அரிசி, தீட்டாத மாப்பிள்ளைச் சம்பா போன்றவை உடம்புக்கு நல்லவைதான், ஆனால் கையிருப்புக்கு ஆகாது. தவிட்டில் இருக்கும் எண்ணெய் சில மாதங்களிலேயே சிக்கு வாடை அடிக்கும், பூச்சியும் சீக்கிரம் வரும். அவற்றை மாதாமாதம் வாங்கித் தின்று தீர்ப்பதே சரி.

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு, டிரம்மில் பழைய அரிசி இரண்டு படி இருக்கும்போதே அதன் மேல் புது அரிசியைக் கொட்டுவது. அடியில் இருக்கும் வண்டும் முட்டையும் புதுச் சரக்கில் ஏறிக்கொள்ளும். டிரம்மைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய தூளைத் துடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு நிரப்ப வேண்டும். பழைய அரிசியைத் தனி டப்பாவில் எடுத்து முதலில் சமைத்துவிட வேண்டும். அரிசிக்குள் கையை முழங்கை வரை விட்டு எடுத்துப் பாருங்கள். உள்ளங்கையில் மெல்லிய வெள்ளை மாவு படிந்தால் வண்டு துளைக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வண்டு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இந்த மாவு காட்டிக்கொடுத்துவிடும். அப்போது அரிசியைச் சுள்ளென்ற வெயிலில் போடாதீர்கள், மணி வெடித்துச் சமைக்கும்போது நொய்யாகிவிடும். நிழலில் துணி மேல் பரப்பினால் வண்டு தானாக ஓடும், பிறகு புடைத்துக்கொள்ளலாம். காய்ந்த வேப்பிலை, வசம்புத் துண்டு, காம்போடு காய்ந்த மிளகாய் ஆகியவை வண்டு வருவதைத் தள்ளிப்போடும், வந்துவிட்டதை விரட்டாது. பச்சை வேப்பிலையைப் போட்டால் ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும்.

சில இடங்களில் போரிக் பவுடர் கலக்கச் சொல்வார்கள். கலக்காதீர்கள், கழுவினாலும் முழுவதும் போகும் என்று நம்ப முடியாது. கிடங்குகளில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வீட்டுக்குள் வரவே கூடாது. அது விடும் வாயு பூட்டிய அறையில் ஆளைக் கொல்லும்.

பருப்பில் ஒரு நுட்பம் உண்டு. முழுப் பயறு, காராமணி, கொண்டைக்கடலை ஆகியவற்றின் தோல் மேல்தான் பயறு வண்டு முட்டையிடும். உடைத்த பருப்பில் அந்தத் தொல்லை குறைவு. அதனால் கையிருப்பில் உடைத்த பருப்பு அதிகமாகவும் முழுப் பயறு குறைவாகவும் இருக்கட்டும். துவரம் பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவி வைக்கும் பழக்கம் இன்றும் வேலை செய்கிறது, சமைக்கும் முன் வெந்நீரில் கழுவினால் போதும். ரவை, கோதுமை மாவு போன்றவற்றை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் நான்கு நாள் வைத்து எடுத்துப் பிறகு டப்பாவில் அடைத்தால் உள்ளே இருக்கும் முட்டைகள் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், பை மேல் வேர்த்த ஈரம் காய்ந்த பின் பிரிக்க வேண்டும். பழைய உளுந்து அரைக்கும்போது மாவு பொங்காது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உளுந்தைக் கையிருப்பு என்று கணக்கில் வைக்காதீர்கள்.

இதை எப்படிச் சேர்ப்பது? மாதச் சாமான் பட்டியலில் இரண்டு பொருளை மட்டும் வழக்கமான அளவைவிடப் பாதி கூடுதலாக எழுதுங்கள். இந்த மாதம் துவரம் பருப்பும் எண்ணெயும், அடுத்த மாதம் இட்லி அரிசியும் புளியும். நான்கு மாதத்தில் இரண்டு வாரக் கையிருப்பு சேர்ந்துவிடும். கடைக்காரரும் தன் கொள்முதலை அதற்கேற்ப உயர்த்திக்கொள்வார். சம்பள நாளையொட்டிய முதல் ஐந்து தேதிகளைத் தவிர்த்து மாதத்தின் நடுவில் வாங்கினால் கூட்டமும் இருக்காது. முடிந்தவரை பெரிய பொட்டலமாக வாங்குங்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகளைத் தொடாதீர்கள், குறிப்பாகத் தட்டுப்பாடு வந்த வாரத்தில். தினக்கூலிக்காரரால் வாங்க முடிவது அது ஒன்றுதான். பெரிய பாக்கெட் தீர்ந்ததும் காசுள்ளவர்கள் சின்ன பாக்கெட்டைச் சரம் சரமாக வாங்கிப்போவது நாங்கள் கண்ட வாங்கல்களிலேயே மோசமானது.

எண்ணெய், பால், எரிவாயு

எண்ணெய் 2 லிட்டர் போதும். பிரிக்காத பாக்கெட் அதில் போட்ட தேதி வரை தாங்கும், பிரித்துக் கேனில் ஊற்றியதும் காற்றும் வெளிச்சமும் பட்டுக் காறத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பிரியுங்கள். நல்லெண்ணெய் மற்றவற்றைவிடத் தாங்கும், எள்ளிலேயே அதற்கான காப்பு இருக்கிறது.

ஆவின் பாக்கெட் பாலை இரண்டு நாளுக்கு மேல் சேர்க்க முடியாது, சேர்க்கவும் கூடாது. அட்டைப்பெட்டிப் பால் நான்கு அல்லது அரைக் கிலோ பால் பவுடர் இருந்தால் காபி, டீ ஓடிவிடும். குழந்தைகளுக்கான பால் மாவு வேறு விஷயம். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு அதற்கு மாற்று இல்லை. கைக்குழந்தை இல்லாத வீடு அந்த டப்பாவை எடுப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. குழந்தை உள்ள வீடு, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் டப்பா போகப் பிரிக்காத இரண்டு வைத்துக்கொள்ளலாம். பிரித்த டப்பா ஒரு மாதத்துக்கு மேல் ஆகாது.

எரிவாயு 14.2 கிலோ சிலிண்டர் நான்கு பேர் வீட்டில் சாதாரணமாக ஒரு மாதத்துக்கு மேல் வரும். இரட்டை இணைப்பு இருந்தால் கவலையே இல்லை. 2020 மார்ச்சில் தேவையில்லாமல் எல்லோரும் பதிவு செய்ததால், ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் 15 நாள் இடைவெளி வேண்டும் என்று இந்தியன் ஆயில் வைத்தது. சரியான கட்டுப்பாடு அது. அடுப்பு எரியாமல் நின்றவர்கள் ஒற்றைச் சிலிண்டர் வீட்டுக்காரர்கள்தான். சிலிண்டரைச் சேர்த்து வைப்பவர்கள் பிடிவளையத்தின் உட்புறத் தகட்டில் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்: ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்தில் இருக்கும் எண் ஆண்டு. அதுவரைதான் அந்தச் சிலிண்டரின் சோதனைத் தவணை. தவணை தாண்டியதை வாங்காதீர்கள்.

சோப்பு, சானிடைசர், பிளீச்சிங் பவுடர்

சோப்புக் கட்டி நான்கு அல்லது ஐந்து. இருபது விநாடி நுரைக்கத் தேய்த்தால் வீட்டுக்குள் சானிடைசருக்கு வேலையே இல்லை. சானிடைசர் குழாய் இல்லாத இடத்துக்கு, அதாவது பேருந்துக்கும் கடை வாசலுக்கும். 200 மில்லி புட்டி இரண்டு போதும். ஆல்கஹால் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மூடி சரியாக மூடாவிட்டால் ஆல்கஹால் பறந்து வாசனைத் தண்ணீர்தான் மிஞ்சும். ஐந்து லிட்டர் கேன் வாங்கிச் சமையலறையில் வைப்பது தீ விபத்துக்கு வழி. சாமி விளக்குக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் வைக்கவே கூடாது, கையில் தடவியது காயாமல் தீக்குச்சி உரசவும் கூடாது.

2020 மார்ச் 13-இல் முகக்கவசத்தையும் சானிடைசரையும் மத்திய அரசு அத்தியாவசியப் பொருளாக அறிவித்தது. அடுத்த வாரமே 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், மூன்றடுக்கு முகக்கவசம் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. விலை ஏறியதற்கு வியாபாரிகளை மட்டும் திட்டிப் பயன் இல்லை. ஒரே வாரத்தில் வீடுகள் டஜன் கணக்கில் எடுத்ததும் காரணம்.

சோப்பை வைத்துத்தான் சுயநலக் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொள்ள முடியும். வெள்ளம் வந்தால் பக்கத்து வீட்டில் அரிசி இல்லாதது அவர்கள் துன்பம். தொற்று வந்தால் பக்கத்து வீட்டில் சோப்பு இல்லாதது நம் துன்பமும்தான். மாடிப்படிக் கைப்பிடியும் தண்ணீர் லாரிக் குழாயும் பொது. நம் அலமாரியில் நாற்பது சோப்பு இருந்து, கீழ் வீட்டில் ஒன்றும் இல்லை என்றால், அந்த நாற்பதும் நம்மைக் காப்பாற்றாது.

பிளீச்சிங் பவுடர் அரைக் கிலோ போதும். 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 30 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தால் 1 சதவீதக் கரைசல். ரத்தம், வாந்தி, கழிப்பறைக்கு அது. கதவுப்பிடி, மேசை துடைக்க 3 கிராம் போதும். ஒரு நாளுக்கு மேல் வைத்த கரைசலில் வீரியம் இருக்காது. ஈரம் பட்ட பவுடர் கட்டியாகி வெறும் சுண்ணாம்பாகிவிடும் என்பதால் மூட்டையாக வாங்குவது காசைக் கொட்டுவதுதான். கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிடோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய கழிப்பறையில் அது உயிருக்கு ஆபத்து.

முகக்கவசம்

நோயாளியும் பார்த்துக்கொள்பவரும் மட்டும் வீட்டில் போட்டால் போதும். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு என்று 14 நாளுக்கு 56 வரும். ஐம்பது கொண்ட ஒரு பெட்டியும் உதிரியாகப் பத்தும் வைத்துக்கொண்டால் வெளியே போகவும் சில மிஞ்சும். என்95 வேண்டுமானால் பார்த்துக்கொள்பவருக்கு ஐந்து. அதன் பட்டை வருடக்கணக்கில் கிடந்தால் தொய்ந்துவிடும். பட்டை தொய்ந்த என்95 ஓரத்தில் காற்று விடும், சாதாரண முகக்கவசத்தைவிடப் பெரிய நன்மை கிடைக்காது.

2020 மார்ச் 3 அன்று உலகச் சுகாதார நிறுவனம் பீதியில் வாங்குவதும் பதுக்குவதும் மருத்துவப் பணியாளர்களை ஆபத்தில் தள்ளுகிறது என்று எச்சரித்தது. சாதாரண முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கும், என்95 விலை மூன்று மடங்கும் ஏறிவிட்டதாகச் சொன்னது. நோய் பரவத் தொடங்கிய பிறகு பெட்டி பெட்டியாக என்95 வாங்கும் வீடு, தனக்கே நாளை தேவைப்படும் செவிலியரின் முகத்திலிருந்து அதைக் கழற்றுகிறது. இந்த ஒரு பொருளில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. அமைதிக் காலத்தில் வாங்காவிட்டால், பீதிக் காலத்தில் துணிக் கவசத்தோடு இருந்துகொள்ளுங்கள்.

மருந்து

பாராசிட்டமால் 500 அல்லது 650 மில்லிகிராம், பெரியவர்களுக்கு இரண்டு அட்டை. ஒரு வேளைக்கும் அடுத்ததற்கும் குறைந்தது நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம் இருந்தால் நல்லது. 650 ஒரு நாளைக்கு நான்கைத் தாண்ட வேண்டாம். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, ஜலதோஷ மாத்திரையோடு சேர்த்துப் போடுவது. பல ஜலதோஷ மாத்திரைகளுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது, அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள், இரண்டும் சேர்ந்தால் கல்லீரல் தாங்காது. குழந்தைக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்க்க வேண்டும்: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு வீரியம் வருகிறது. பழைய புட்டியின் அளவை நினைவில் வைத்துப் புதுப் புட்டியிலிருந்து ஊற்றினால் இரு மடங்கு போய்விடும். காய்ச்சல் டெங்குவாக இருக்கக்கூடிய ஊரில் இபுப்ரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைச் சொந்தமாகப் போடக் கூடாது, ரத்தக்கசிவு அதிகமாகும். அவற்றைக் காய்ச்சலுக்கென்று வாங்கி வைக்கவே வேண்டாம்.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எட்டு. சுமார் 21 கிராம் பொட்டலம் என்றால் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் குடித்தால் உப்பு கூடி வயிற்றுப்போக்கு மோசமாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பொட்டலம் கிடைக்காத நாளில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர் போதும். அதனால் இதைப் பெட்டியாக அள்ள எந்தக் காரணமும் இல்லை. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை இதற்குப் பதிலாக நினைத்துச் சேர்க்காதீர்கள்.

கூடுதலாக வைத்தே தீர வேண்டியது சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா மருந்துகள். ஒரு மாதம் கையில் இருப்பதற்கு மேல் ஒரு மாதம். இது பதுக்கல் ஆகாது, அந்த நோயாளி எப்படியும் வாங்கப்போகும் மருந்தைத்தான் ஒரு மாதம் முன்னதாக வாங்குகிறார். இன்சுலினை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், உறைபெட்டிக்குப் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். உறைந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். திறந்த குப்பி பெரும்பாலும் 28 நாள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்திருப்பவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள் இதில் பதிந்துவிடுவது, எந்தக் கையிருப்பையும்விட நிம்மதி.

மருத்துவர் எழுதாத மருந்தைத் தொடாதீர்கள். ஹைட்ராக்சிகுளோரோகுவின் மாத்திரை கொரோனாவுக்கு உதவும் என்று செய்தி வந்ததும் 2020 மார்ச்சில் ஆளாளுக்கு வாங்கினார்கள். மார்ச் 26-இல் மத்திய அரசு அதைக் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. அந்த மாத்திரையை வருடக்கணக்கில் தினமும் போடும் முடக்குவாத, லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். வாங்கியவர்களுக்கோ அது கொரோனாவில் உதவவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் ரெம்டெசிவிர் வாங்க நின்ற வரிசையும் மறக்கக்கூடியது இல்லை. மருத்துவமனைப் படுக்கையில் நரம்பில் ஏற்ற வேண்டிய மருந்து அது, வீட்டு அலமாரியில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. ஆக்சிஜன் உருளைக்கும் இதே பதில்தான்.

ஆக்சிமீட்டர்

விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் இந்தக் கருவி வீட்டுக்கொன்று தேவைப்படாத பொருள். நான்கைந்து வீடுகளுக்கு, அல்லது அடுக்ககத்தில் மாடிக்கு ஒன்று போதும். துடைத்துத் துடைத்துப் பயன்படுத்தலாம். 2021 ஜூலையில் இதற்கும் வெப்பமானிக்கும் ரத்த அழுத்தக் கருவிக்கும் வணிக லாபத்தை 70 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தினார்கள், அதற்குப் பிறகு விலை ஒரு நிலைக்கு வந்தது. அளக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் குறைத்துக் காட்டும், அழுத்தமான மருதாணி இருந்தால் எண் சரியாக வராமலும் போகலாம். கறுத்த தோலில் உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டும் என்பது தெரிந்ததே. நம் ஊருக்கு இது முக்கியம், எண் 95 காட்டினாலும் மூச்சு வாங்கினால் மருத்துவரிடம் போக வேண்டும். 94-க்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் போக வேண்டும். சேர்த்து வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஒழுகித் தகடு அரித்துவிடும்.

நாப்கின் பற்றி ஒரு வரி சொல்ல வேண்டும். 2020 ஊரடங்கின் முதல் நாட்களில் அத்தியாவசியப் பட்டியலில் அது தெளிவாக இல்லாமல், மார்ச் 29-இல்தான் விளக்கம் வந்தது. பெண்கள் உள்ள வீட்டில் இரண்டு மாதத் தேவையை எப்போதும் வைத்திருப்பது நியாயம்.

எங்கே வாங்குவது

தட்டுப்பாட்டுக் காலத்தில் நன்றாக நடந்த கடை எது என்று கேட்டால் ரேஷன் கடையைச் சொல்வோம். அட்டையில் எத்தனை பேர் என்பது பதிந்திருக்கிறது, அளவு அதற்கேற்ப. காசு உள்ளவர் கூடுதலாக எடுக்க வழியே இல்லை. 2020 ஏப்ரலில் அரிசி, சர்க்கரை, பருப்பு, எண்ணெயோடு 1,000 ரூபாயும் கொடுத்தபோது நாளும் நேரமும் போட்ட டோக்கன் கொடுத்துக் கூட்டத்தைப் பிரித்தார்கள். குறை என்றால், இங்கே அட்டை இல்லாத வெளிமாநிலத் தொழிலாளி அன்று அந்த வரிசையில் இல்லை. வேறு மாநில அட்டைக்கும் பொருள் தரும் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு சேர்ந்தது அந்த ஆண்டு அக்டோபரில்தான்.

சூப்பர் மார்க்கெட்டுகளில் பில்லுக்கு இவ்வளவு என்று வரம்பு வைப்பார்கள். சிங்கப்பூரில் 2020 பிப்ரவரி 7-இல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும் அரிசியும் நூடுல்ஸும் கழிப்பறைக் காகிதமும் காலியாக, இரண்டு நாளில் ஃபேர்பிரைஸ் சூப்பர் மார்க்கெட் ஆளுக்கு அரிசி இரண்டு பை, நூடுல்ஸ் நான்கு, காகிதப் பொருள் நான்கு என்று வரம்பு போட்டது. அங்கே இறக்குமதியாளர்கள் அரிசியை இருப்பு வைத்தே ஆக வேண்டும் என்ற விதி முன்பே இருந்ததால் அலமாரி சில நாளில் நிரம்பியது. வரம்பு மட்டும் இருந்து கிடங்கில் சரக்கு இல்லை என்றால் இப்படி நடக்காது. பில்லுக்கு வரம்பு வைக்கும்போது ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் மூன்று பில் போடுவதைக் கணினி பிடிக்காது. எட்டுப் பேர் கூட்டுக் குடும்பத்துக்கும் தனி ஆளுக்கும் ஒரே அளவு என்பதும் சரியில்லை.

அந்த இடத்தில் தெருமுனை அண்ணாச்சி கடை மேல். யார் வீட்டில் எத்தனை பேர், யார் நேற்றுதான் வாங்கினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நல்ல கடைக்காரர் பாதிச் சரக்கை மூட்டையாக விற்காமல் சில்லறைக்கென்று பிரித்து வைப்பார், அரைக் கிலோ கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்ப மாட்டார். உங்கள் தெருக் கடையில் அப்படி நடக்கிறதா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள். நடக்கிறது என்றால் மாதச் சாமானை அங்கே மாற்றுங்கள். தட்டுப்பாட்டில் அவர் கையில் சரக்கு இருக்க வேண்டுமானால் மற்ற மாதங்களில் அவருக்கு வியாபாரம் ஓட வேண்டும்.

ஏற்கெனவே கூடுதலாக வாங்கி வைத்திருப்பவர்கள் காலாவதி வரை காத்திருக்க வேண்டாம். பிரிக்காத பாராசிட்டமால் அட்டை, முகக்கவசப் பெட்டி, ஓ.ஆர்.எஸ். ஆகியவற்றைத் தேதி குறைந்தது ஆறு மாதம் மீதி இருக்கும்போதே பக்கத்து வீடுகளோடு பிரித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் எழுதிய மருந்தை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். தேதி தாண்டிய மாத்திரையை அட்டையோடு குப்பையில் போட்டால் யாராவது எடுத்து விழுங்கலாம். அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காபித்தூளோடு பிசைந்து, ஒரு கவரில் கட்டிப் போடுங்கள்.